ஒரு பெயருக்கு மேலே இரண்டு கோடுகள்

அத்தியாயம் 11

நரின் நகரத்து மண்டபத்தில் எங்கள் வம்சத்தார் எல்லாரும் கூடப்போகிறார்கள் என்பதும், எங்கள் வம்சாவளியைப் பெரிய திரையில் காட்டுவதாக நான் சபையில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். வாக்கு என்னுடையது. வேலை என் மருமகள் ஐபிகேயுடையது. பிஷ்கெக்கில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு, எங்கள் வீட்டு அடுப்பறைச் சுவரை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்தபடியே இணையப் பக்கங்கள் செய்து கொடுப்பவள் அவள்.

கூட்டம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை, தேநீர் குடித்து முடித்த கையோடு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தா, ஒரு தடவை பாத்துடுங்க."

நான் மலைச்சாலைத் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிற ஆள் இல்லை. ஆனாலும் அன்று நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் ஒரு விசையைத் தட்டினாள். வெறும் திரையின் உச்சியில் ஒரே ஒரு பெயர் தோன்றியது. எங்கள் மூத்த தகப்பனின் பெயர். அதிலிருந்து கோடுகள் இறங்கின. பனி உருகும் மாதத்தில் மலை முகட்டிலிருந்து ஓடைகள் பிரிந்து இறங்குமே, அதைப் போல. ஒவ்வொரு கோடும் நின்ற இடத்தில் ஒரு பெட்டி திறந்தது. பெட்டிக்குள் ஒரு பெயர். அதிலிருந்து மறுபடி கோடுகள்.

நினைவு தெரிந்த வயதில் என் தகப்பனார் முன்னால் முதுகு வளையாமல் நின்று ஒப்பித்த ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயர்களும் என் கண்ணெதிரே உயிரோடு இறங்கி வந்தன. எங்களில் ஏழு பெயர் சொல்லத் தெரியாதவனை யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை. நான் வாயால் மட்டுமே சுமந்த பெயர்கள் அவை. அவற்றுக்கு இப்படி ஓர் உருவம் உண்டென்று எனக்குத் தெரியாது.

கீழே வரவர என் முறை வந்தது. பெட்டி திறந்தது. உள்ளே "நிமிர்ந்த தொப்பி" என்று எழுதியிருந்தது.

"இது யாரு?" என்றேன்.

ஐபிகே தலையைக் குனிந்துகொண்டாள். அடுப்பறையில் மறுநாள் விருந்துக்காகப் போர்சோக் என்ற மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த என் மனைவி அனார்குல் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"வேற யாரு? தூங்கும்போதுகூட தொப்பி சரியாம தூங்குறவரு ஊருக்கே ஒருத்தர்தானே!"

புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரை எங்கள் மருமகள்கள் வாயால் சொல்வதில்லை. ஆளுக்கொரு மறுபெயர் வைத்துக்கொள்வார்கள். விரலாலும் எழுதக்கூடாது என்று யாரும் விதித்ததில்லை. இவளாகவே அப்படி முடிவு செய்திருக்கிறாள். மனதுக்குள் அவளை மெச்சிக்கொண்டேன். முகத்தில் காட்டவில்லை.

"சோதனைக்குப் போட்டது அத்தா. அவரு மத்தியானம் வந்து உண்மையான பேரையெல்லாம் அடிச்சுத் தர்றேன்னாரு."

'அவரு' என்றால் என் மகன் திலெக்.

எனக்குப் பக்கத்துப் பெட்டியில் "சிரிப்பு மாமா" என்று இருந்தது. அது என் தம்பி ஒமுர்பெக். விளக்கமே தேவையில்லை. என் பெட்டிக்குக் கீழே பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"திலெக் எங்கே?"

அவள் திரையை மெல்ல ஓரமாக நகர்த்தினாள். வலது மூலையில், எந்தக் கோடும் தொடாமல், ஓர் ஒற்றைப் பெட்டி அந்தரத்தில் நின்றது. அதற்குள் என் மகன் பெயர்.

"ஏன் அங்கே நிக்கிறான்?"

"இந்த லைப்ரரி வெளிய தள்ளிடுச்சு அத்தா."

"தள்ளிடுச்சா? யாரைக் கேட்டு?"

"இதுல ஒருத்தருக்கு ஒரு அப்பாதான் போட முடியும். ரெண்டு பேரு கொடுத்தா எந்தக் கோட்டை இழுக்கிறதுன்னு தெரியாம தனியா விட்டுடும்."



வெளியார் படிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். எங்கள் சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வாய் திறந்து சொல்லாத விஷயம் இது. எனக்கும் அனார்குலுக்கும் பிள்ளை இல்லை. தம்பி ஒமுர்பெக், தன் இரண்டாவது மகனைத் தொட்டிலில் இருந்தே எடுத்து எங்கள் கையில் கொடுத்தான். அண்ணன் வீட்டில் அடுப்பு அணையக் கூடாது என்று தம்பி பிள்ளை கொடுப்பது எங்கள் வழக்கம். அன்று முதல் திலெக் என் மகன். ஒமுர்பெக் அவனுக்குச் சித்தப்பா. அவ்வளவுதான்.

"ரெண்டு பேரை யாரு கொடுத்தது?" என் குரல் எனக்கே கடினமாகக் கேட்டது.

"அது என் தப்பு அத்தா. எல்லாரும் விவரம் நிரப்பறதுக்கு ஒரு பக்கம் செஞ்சிருந்தேன். பிள்ளைங்க பேருக்குக் கீழ 'இன்னொருவரைச் சேர்'னு ஒரு பட்டன் வெச்சேன். அது அப்பா பேருக்குக் கீழயும் வந்துடுச்சு. நான் கவனிக்கல."

"சரி. ஒரு பேரை எடுத்துடு."

ஐபிகே என்னை நிமிர்ந்து பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"எந்தப் பேரை அத்தா?"

நான் எழுந்து போனேன்.

திலெக் மின்நிலையத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்தான். காலணியைக் கழற்றும்போதே அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். ரொட்டியைப் பிய்த்து எல்லார் முன்னாலும் வைத்துவிட்டு, தான் எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நீயா அந்தப் பட்டனை அமுக்கினே?" என்றேன்.

"ஆமா அத்தா."

"பட்டன் இருந்தா அமுக்கிடறதா? அது என்ன லிஃப்டா?"

அவன் சிரிக்கவில்லை. "முதல்ல உங்க பேரைத்தான் போட்டேன். யோசிக்கவே இல்ல. கீழே அது எழுதியிருந்துச்சு, இன்னொருவரைச் சேர்னு. கை அப்படியே நின்னுடுச்சு. இத்தனை வருஷமா யாரும் என்கிட்ட அந்தப் பட்டனைக் காட்டினதில்ல அத்தா."

"உனக்கு இங்க என்ன குறை?"

"குறைன்னு யாரு சொன்னது? வசந்தத்துல எனக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. ஏழு பேர் சொல்லிக் கொடுக்கணும். முதல் பேரு உங்க பேருதான். அதை யாரும் மாத்தப்போறதில்ல. ஆனா சித்தப்பா ஒவ்வொரு வருஷமும் வந்து, வாசல்லயே நின்னு, என் தலையைத் தடவிட்டு, 'நல்லாயிரு மகனே'ன்னு சொல்ல வந்து, 'தம்பி'ன்னு மாத்திச் சொல்றாரே, அது உங்களுக்குக் கேட்டதே இல்லையா?"

கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கிறேன்.

"நாளைக்கு மண்டபம் நிறைய ஆளுங்க," என்றேன். "இந்தக் கனிமெத்தோட மகன் பேருக்கு மேல ரெண்டு பேருன்னு திரையில விழுந்தா என்ன பேசுவாங்க? கனிமெத்துக்குப் பிள்ளையே இல்ல, கடன் வாங்கின பிள்ளைன்னு பேசுவாங்க. என் பேருக்குக் கீழ அவன் ஒருத்தன்தான். அந்தக் கோடும் பாதிதான்னு ஊரு முன்னால நானே எழுதிக் காட்டணுமா?"

 கடைசியில் ஐபிகேதான் வாயைத் திறந்தாள்.

"அத்தா, இன்னொரு லைப்ரரி இருக்கு. அதுல ரெண்டு கோடு போடலாம். ஆனா அதை எடுக்கலாமா வேணாமான்னு எனக்கே குழப்பமா இருக்கு. வந்து பாக்குறீங்களா?"

முன்பின் தெரியாதவர்கள் கையில் என் தகப்பன்மார் பெயரை நான் கொடுப்பதாக இல்லை. பார்த்துவிட்டு மறுத்தால்தான் மறுப்புக்கு மரியாதை. போய் உட்கார்ந்தேன்.

"முதல்ல, லைப்ரரின்னா என்னன்னு சொல்லு."

"வீடு கட்டறப்ப ஜன்னலை நாமளா இழைக்கிறோம்? ஆசாரி செஞ்சு வெச்சதை எடுத்துப் பொருத்துறோம். அதே மாதிரி, கோடு இழுக்கிறது, பெட்டி திறக்கிறது, விரல் வெச்சா பெருசாகுறது, இதுக்கெல்லாம் வேண்டிய நிரலை யாரோ எழுதி, யாரு வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு வெச்சிருக்காங்க."

"திருடன்கூட எடுத்துக்கலாமா?"

"திருடறதுக்கு என்ன இருக்கு அத்தா? கதவே இல்லையே."

இரண்டின் பெயரையும் சொன்னாள். காலையில் நான் பார்த்தது பாப்லர். எங்கள் ஊர்ச் சாலையோரம் நெட்டையாக நிற்கும் மரத்தின் பெயர். உலகத்தில் பாதிப் பேர் அதைத்தான் எடுக்கிறார்கள். பின்னால் பெரிய கம்பெனி நிற்கிறது. கேள்வி கேட்டால் பதில் வரும். பழைய போனிலும் சறுக்காமல் ஓடும். இன்னொன்று வில்லோ, ஆற்றோரம் கிளை தாழ்ந்து நிற்கும் மரத்தின் பெயர். அதைக் கவனிப்பவர்கள் ஒரு சிலர். வேகம் குறைவு. கடைசியாகத் தொட்டு மாதங்கள் ஆகின்றன.

"பாப்லர் உடையாது. வில்லோ உடையலாம். நாளைக்கு மண்டபத்துல உடைஞ்சா உங்க மானம் போகும்."

"யாரு செஞ்சது அதை? எந்த வீட்டு ஆளுங்க?"

பொண்ணு எடுக்கும்போது கேட்கிற கேள்வி அது. நான் கேலியாகத்தான் கேட்டேன். அவள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"காட்டுறேன் அத்தா," என்றாள்.

அவள் திறந்து காட்டியதை இன்றுவரை என்னால் முழுதாக ஜீரணிக்க முடியவில்லை. வில்லோவின் நிரல் முழுவதும் திரையில் விரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயர். அந்த வரியை எழுதியவர் பெயர். என்றைக்கு எழுதினார், எதற்காக எழுதினார், அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது, அதை எழுதியது யார். அவள் கீழே கீழே உருட்டிக்கொண்டே போனாள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளில்கூடப் பெயர்கள் இருந்தன.

மலையைக் குடைந்து நான் போட்ட சாலையில், எந்தக் கல்லை எவன் வைத்தான் என்று என்னால் சொல்ல முடியாது. செத்தவர்கள் பெயர்கூடச் சிலது மறந்துவிட்டது. இவர்கள் ஒரு காற்புள்ளியைத் திருத்தியவன் பெயரைக்கூட விடவில்லை.

"இவங்களுக்கு யாரு கூலி கொடுக்கிறா?"

"யாருமில்ல. அஷார் மாதிரிதான்."

அஷார் என்றால் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் வீடு கட்டினால் தெருவே திரண்டு வந்து மண் குழைக்கும். வயிற்றுக்குச் சோறு, வாய்க்குப் பாட்டு. அது தெரு. இது உலகம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒருவர் சோற்றை ஒருவர் தின்னாமல், யாருக்கென்று தெரியாத வீட்டுக்கு மண் குழைக்கிறார்கள்.

"ரெண்டு அப்பா வெக்கலாம்னு யாருக்குத் தோணுச்சு?"

அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். ஒரு பழைய விவாதம். பாப்லர்க்காரர்கள் வாசலில் நடந்தது. அவள் ஒவ்வொன்றாக நம் மொழியில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பசிபிக் தீவொன்றிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: எங்கள் ஊரில் பிள்ளையை மாமன் வீட்டுக்குக் கொடுப்போம். என் தம்பியைக் கொடுத்தோம். அவனை உங்கள் மரத்தில் எங்கே வைப்பது?

பாப்லர்க்காரர்கள் பதில்: ஒரு கிளை ஒரு தண்டிலிருந்துதான் வரும். இரண்டிலிருந்து வந்தால் அது மரமே இல்லை. மன்னிக்கவும்.

கீழே வேறு யாரோ. வடக்கே கடல் உறைந்து கிடக்கும் நாட்டிலிருந்து: எங்களிடமும் இந்த வழக்கம் உண்டு. நான் அப்படி வளர்ந்தவன். இன்னொருவர். அதற்குக் கீழே இன்னொருவர். நடுவில் ஒருவன் கோபமாகத் திட்டியிருந்தான். வேறொருவன் அவனை அடக்கியிருந்தான்.

"எல்லாரும் பாக்குற மாதிரியா சண்டை போடுறாங்க?"

"ஆமா. அழிக்கவும் மாட்டாங்க."

எங்கள் குடும்பத்தில் சண்டை வந்தால் முதலில் ஜன்னலைச் சாத்துவோம். அப்புறம்தான் குரலை உயர்த்துவோம்.

உலகத்தின் எந்தெந்த மூலையிலோ, பெயர் தெரியாத ஊர்களில், என் வீட்டு விஷயத்தை என் வீட்டாரைவிட வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்களுக்கு மட்டும்தான் இந்த வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"அந்தத் தீவுக்காரம்மா பாப்லரை அப்படியே ஒரு நகல் எடுத்துக்கிட்டு தனியா போயிட்டாங்க. ரெண்டு கோடு வர்ற மாதிரி மாத்தினாங்க. அதுதான் வில்லோ."

"பிரிஞ்சு போனா? அவங்க விட்டாங்களா?"

"விட்டாங்க அத்தா. எடுத்துக்கோ, மாத்திக்கோ, வெச்சுப் பொழச்சுக்கோ. ஒரே ஒரு நிபந்தனை. இங்க பாருங்க."

வில்லோவின் முதல் வரியைக் காட்டினாள். அங்கே பாப்லரை முதலில் எழுதியவர்களின் பெயர் இருந்தது. அதற்குக் கீழேதான் தீவுக்காரியின் பெயர்.

"எங்கேருந்து வந்துச்சோ அந்தப் பேரை மட்டும் அழிக்கக்கூடாது."

அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

முதல் பனி அன்றைக்கு விழத் தொடங்கியிருந்தது. ஒட்டியும் ஒட்டாமலும், மாவு சலித்ததுபோல. அனார்குல் என் பின்னாலேயே வந்தாள். கையில் எண்ணெய் வாடை.

"அவன் வந்த அன்னைக்கும் இப்படித்தான் பனி தூறுச்சு," என்றாள். "என் பாவாடை மடிப்பு வழியா அவனை விட்டு எடுத்தாங்க. நானே பெத்த மாதிரி. உங்க தம்பி பொண்டாட்டி அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, அழுகைய அடக்க ரொட்டித் துண்டை வாயில அடைச்சுக்கிட்டா. நான் பாத்தேன். பாக்காத மாதிரி இருந்துட்டேன். அவ செத்தும் போயிட்டா."

"அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. அவன் என் மகன். எத்தனை கோடு இழுத்தாலும் என் மகன். உங்களுக்குத்தான் ஒரு கோடு கூடினா ஒண்ணு குறைஞ்சிடும்னு பயம். இன்ஜினியரு! ஒரு ஊருக்கு ரெண்டு ரோடு போட்டா ஊரு பாதியாயிடுதா?"

என் மனைவி என்னிடம் இப்படிப் பேசுவதை வெளியே யாரும் கேட்டதில்லை. இனியும் கேட்கப்போவதில்லை.

உள்ளே போய் ஐபிகேயின் மேஜை முன்னால் நின்றேன்.

"மருமகளே, வில்லோ உடைஞ்சா உன்னால சரிபண்ண முடியுமா?"

"எல்லாமே திறந்துதான் கிடக்கு அத்தா. படிச்சா புரியும். படிச்சிட்டேன்."

"அப்ப அதையே எடு. ஒமுர்பெக் பேரையும் போடு."

அவள் விரல்கள் விசைகள்மேல் ஓடத் தொடங்கின. திலெக் மின்நிலையத்துக்குத் திரும்பிப் போகவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, அவள் எழுதத் தயங்கும் பெயர்களையெல்லாம் அவன் அடித்துக் கொடுத்தான். "நிமிர்ந்த தொப்பி" போய் "கனிமெத்" வந்தது. எனக்கு லேசான வருத்தம்கூட.

பொழுது சாயும் முன் மறுபடி கூப்பிட்டார்கள். மூத்த தகப்பன் வந்தார். ஓடைகள் இறங்கின. முன்னைவிட மெதுவாகத்தான். எனக்கு அந்த மெதுவே பிடித்தது. ஒவ்வொருவரும் வந்து சலாம் சொல்லிவிட்டு நிற்பதுபோல இருந்தது. நான் வந்தேன். ஒமுர்பெக் வந்தான். எங்கள் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு கோடு கிளம்பித் திலெக்கின் பெட்டியில் சேர்ந்தது. அந்தரத்தில் நின்றவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் ஒரு கோடு முழுசு. இன்னொரு கோடு புள்ளி புள்ளியாக இருந்தது.

"இது என்ன?"

"வளர்ப்புக்குப் போன கோட்டை வில்லோ புள்ளியாத்தான் போடும் அத்தா."

புள்ளிக்கோடு என் பெயரிலிருந்து வந்திருந்தது.

ரத்தம் தலைக்கேறியது. "வரைபடத்துல புள்ளிக்கோடுன்னா என்னன்னு தெரியுமா? போடப்போற ரோடு. இன்னும் போடாத ரோடு. காய்ச்சல்ல அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தது போடாத ரோடா?"

திலெக் சட்டென்று, "மாத்திடு ஐபிகே. அத்தாவுக்கு முழுக்கோடு போடு, சித்தப்பாவுக்குப் புள்ளி போடு," என்றான்.

"வேணாம்," என்றேன். "என் வீட்டுல யாருக்கும் புள்ளிக்கோடு கிடையாது."

ஐபிகே நிரலுக்குள் இறங்கினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தேடினாள். ஓர் இடத்தில் நின்றாள். ஒரே ஒரு வரி. அதை மாற்றி, கோட்டின் வகையை வீட்டாரே தீர்மானிக்கலாம் என்று எழுதினாள். திரையில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டு முழுக்கோடுகள்.

"அத்தா, இந்தத் திருத்தத்தை அவங்களுக்கும் அனுப்பட்டுமா? நம்ம மாதிரி இன்னொரு வீட்டுக்கு உதவும்."

"அனுப்பு."

அனுப்புகிறவர் பெயர் கேட்டது. ஐபிகே கனிமெதோவா என்று அடித்தாள். வாயால் சொல்லாத என் பெயரை, தன் பெயரின் வாலாக, தயங்காமல் அடித்தாள். அது அவளுடைய பெயருமாயிற்றே.

கூட்டத்துக்காக ஒமுர்பெக் வந்த கார் வாசலில் நின்ற நேரத்தில் பதில் வந்தது. தீவில் அப்போது என்ன பொழுதோ. ஐபிகே வாசித்தாள்: "சேர்த்துக்கொண்டேன். புள்ளிக்கோடு போட்டது நான்தான். தம்பியைப் பெற்றுக் கொடுத்த என் அம்மா மனம் நோகக்கூடாதே என்று அப்படிப் போட்டேன். உங்கள் வழிதான் சரி. நன்றி."

உலகத்தின் அஷாரில் எங்கள் வீட்டுக் கைமண்ணும் விழுந்துவிட்டது. 

ஒமுர்பெக் வழக்கம்போல வாசலிலேயே நின்றான். கக்கத்தில் ஒரு பை நிறைய உலர்ந்த தயிர் உருண்டைகள், தொப்பியில் பனி.

"என்ன அண்ணே, எல்லாரும் டிவி முன்னால உக்காந்திருக்கீங்க? குதிரைப் பந்தயமா? எந்தக் குதிரை முன்னால?"

"உள்ளே வாடா. வந்து பாரு."

அவனுக்குக் கண் பார்வை மங்கல். திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தான். மூத்த தகப்பனிலிருந்து ஒவ்வொரு பெயராக, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டே வந்தான். எங்கள் தகப்பனார் பெயரில் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். என் பெயர். அவன் பெயர். அதற்குக் கீழே விரல் போனது. விரல் நின்றது.

"இது யாரு எழுதச் சொன்னது?"

"நான்தான்," என்றேன்.

"நீங்களா? உங்க வாயால சொன்னீங்களா?"

"பின்னே யாரு வாயால சொல்வாங்க?"

அவன் திலெக்கைத் திரும்பிப் பார்த்தான். "நல்லாயிரு மகனே," என்றான். இந்த முறை மாற்றிச் சொல்லவில்லை. திலெக் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். அனார்குல் அடுப்பறைக்குள் போய்விட்டாள். அங்கே பொரிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும்.

தேநீர் வந்தது. ஒமுர்பெக் குடிக்கவில்லை. கிண்ணத்தைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தான். சிரிப்பு மாமாவின் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"அண்ணே, இந்தப் பொண்ணு யாரு பேருக்கு மேல வேணும்னாலும் ரெண்டு கோடு போட முடியுமா?"

"முடியுமாம். ஏன்?"

"அப்ப உங்க பேருக்கு மேலயும் போடச் சொல்லணும்."

நான் அவனைப் பார்த்தேன்.

"அம்மா கண்ணை மூடறதுக்கு முன்னால என்கிட்ட சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ரொட்டியத் தொட்டுச் சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. கல்யாணமாகி ரொம்ப வருஷம் அவங்களுக்குப் பிள்ளையே இல்ல. மனசு பொறுக்காம ஒருத்தர் தன் மகனைக் கொண்டுவந்து மடியில போட்டாரு. நீங்க வந்து, வீட்டுல பிள்ளைச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் பொறந்தேன். நீங்க வரலேன்னா நான் இல்ல. எதுக்காக எனக்குன்னு இருந்த ரெண்டு மகன்ல ஒருத்தனை உங்ககிட்ட கொடுத்தேன்னு நினைச்சீங்க?"

"சத்தியத்தை ஏன் இப்ப உடைக்கிறே?"

"நீங்க இந்தப் பிள்ளை பேருக்கு மேல என் பேரை எழுதச் சொல்லிட்டீங்களே அண்ணே. அதுக்கப்புறம் நான் எப்படி வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கறது?"

"யாரு அவரு?"

ஒமுர்பெக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அவரு இப்ப இல்ல. ஆனா அவரு பிள்ளைங்க நாளைக்கு மண்டபத்துக்கு வர்றாங்க. விருந்தாளியா. நான்தான் கூப்பிட்டிருக்கேன்."

என் ஏழு பெயர்களையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் உதிரவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், இத்தனை காலமும் எனக்குத் தெரியாமலே, இன்னும் ஏழு பேர் என் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுக்கு என்னைத் தெரியுமா?

எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"மருமகளே."

"சொல்லுங்க அத்தா."

"என் பேருக்கு மேல, எங்க அப்பா பேருக்குப் பக்கத்துல, இன்னொரு பெட்டி திற. பேரு நாளைக்கு எழுதலாம்."

அவள் திறந்தாள். வெறும் பெட்டி. அதிலிருந்து ஒரு கோடு மெல்ல இறங்கி என்னை நோக்கி வரத் தொடங்கியது.

"புள்ளி வெச்சிடாதே," என்றேன். "முழுக்கோடா வரட்டும்."